ஒரு மூடி சாப்பாடு

எங்க அக்கா உசுரா வளர்த்த செடியை நான்தான் கொன்னேன். முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் சுத்தி வளைச்சுப் பேசினேன்னு யாரும் சொல்லக் கூடாது. தோட்டத்துல ஆளாளுக்கு ஒரு கதை விடறாங்க. ஹீட்டர் நின்னுபோச்சாம், வேர்ல பூஞ்சை விழுந்துச்சாம். ஒரு மண்ணும் இல்ல. நான்தான், இந்தக் கையாலதான்.

அக்காவை அங்க எல்லாரும் ‘ஈக்காரி’ன்னுதான் கூப்பிடுவாங்க. தாவரத் தோட்டத்துல நாலாம் நம்பர் கண்ணாடி வீடு அவளுது. பூச்சி தின்னுற செடிங்க மட்டும் இருக்கற வீடு. இருபத்திரண்டு வருஷத்துல அவளைத் தவிர அதுக்குள்ள ஒருத்தரும் ஒரு இலையைக் கிள்ளினது கிடையாது. நான் அதே தோட்டத்துல நாத்துக் கொட்டகை. விதை போட்டு, முளைக்க வெச்சு, சின்னத் தொட்டியில பிரிச்சு நடறது என் வேலை. ரெண்டுக்கும் நடுவுல நூறடி தூரம்கூட இருக்காது, ஆனா பேச்சு வேற.

எங்க கொட்டகையில உரத்துக்குப் பேரு சாப்பாடு. நீலக் கேன்ல வர்ற உரத்தண்ணி. அந்தக் கேனோட மூடிதான் அளவு, ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி. ‘சாப்பாடு போட்டாச்சா?’ன்னு காலையில ஒருத்தி கத்துவா, ‘ரெண்டு வரிசை பாக்கி’ன்னு இன்னொருத்தி கத்துவா. புதுசா வேலைக்கு வந்தவங்க தங்களைத்தான் விசாரிக்கறாங்கன்னு நெனச்சு, ‘இன்னும் இல்லைங்க’ன்னு வயித்தைத் தடவிக் காட்டுவாங்க. நாங்க சிரிச்சுச் சிரிச்சு சாவோம்.

அக்காவோட கண்ணாடி வீட்டுலயும் ஒரு மூடி இருந்துச்சு. ஜாடியில அவளே ஈ வளர்ப்பா. ஃப்ரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வெச்சு விறைக்க விட்டு, மாத்திரை டப்பா மூடியில அள்ளி, இடுக்கியால ஒவ்வொரு செடிக்கா போடுவா. இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஈயை அவ ‘சாப்பாடு’ன்னு சொல்லுவாங்கறது மட்டும் தெரியாது. தனியா வேலை செய்யறவ யார்கிட்டச் சொல்லப் போறா? செடிங்ககிட்டத்தான் சொல்லியிருப்பா.

எங்க அம்மா போனப்ப எனக்கு ஏழு வயசு, அவளுக்குப் பதினஞ்சு. அப்பா இருந்தார், இருந்தும் இல்லாத மாதிரி. சட்டியில இருக்கறதை வழிச்சு அக்கா என் தட்டுல கொட்டிடுவா. ‘நீ சாப்பிடலையாக்கா?’ன்னு நான் கேட்டா, ‘பசிக்கல’ம்பா. நான் நம்பிட்டேன். சின்னப் பிள்ளை நம்புனா சரி, முப்பது வயசுலயும் நாப்பது வயசுலயும் நம்பினேன் பாருங்க. அக்காவுக்குப் பசி கம்மி, அவ உடம்பு வாகு அப்படின்னு எல்லார்கிட்டயும் நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

கல்யாணப் பேச்சு ஒண்ணு வந்துச்சு அவளுக்கு. பஸ் கம்பெனியில கணக்கு எழுதற மனுஷன், நல்ல குணம். ‘பொண்ணு என்ன வேலை பாக்குது?’ன்னு அவர் கேட்டார். நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, ‘ஈ ஓட்டுறா’ன்னு சொல்லிட்டேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அக்கா, ‘ஓட்டலைங்க, வரவழைக்கறேன்’ன்னு சீரியஸா ஆரம்பிச்சு, செத்த ஈ எத்தனை நாள்ல கரையும்ங்கற வரைக்கும் போயிட்டா. அந்த மனுஷன் குடிச்ச டீயைப் பாதியில வெச்சுட்டுப் போனவர்தான். அன்னைக்கு அவ என்னைத் திட்டக்கூட இல்ல, அதுதான் எனக்கு எரிச்சல்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல சில நாள் அவ கண்ணாடி வீட்டுக்குள்ள போய் வம்பு பேசுவேன். உள்ள போனாலே சட்டை ஒட்டும், அவ்வளவு ஈரம். ஒரு நாள் பெரிய குடுவைச் செடி முன்னாடி என்னை நிறுத்தி, ‘ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கிட்டுப் பாரு’ன்னா.

பார்த்தேன். இலை நுனி கொடி மாதிரி நீண்டு, அதோட முனை ஒரு முழங்கை நீளத்துக்குக் குடுவையாத் தொங்குது. வாய் விளிம்புல தேன் மினுங்குது. ஒரு எறும்பு விளிம்புல நடந்து நக்கிக்கிட்டே போச்சு. விளிம்பு ஈரம். ஒரு கால் வழுக்குச்சு, அவ்வளவுதான், உள்ள. ஏறப் பாக்குது, உள் சுவர்ல மெழுகு, காலுக்குப் பிடி கிடைக்கல. அடியில இருக்கற தண்ணியில விழுந்து கொஞ்ச நேரம் துடிச்சுது.

‘மேல மூடி இருக்கே, டப்புன்னு மூடிக்கும்னு பாத்தேன்’ன்னேன்.

‘அது குடைடி. மழை உள்ள விழுந்தா அந்தத் தண்ணி நீர்த்துப்போகும், கரைக்கிற வேகம் போயிடும். டப்புன்னு மூடறது அதோ, அந்த வாய்ச் செடி. உள்ள முடி மாதிரி இருக்கு பாரு, அதை ஒரு தடவை தொட்டா சும்மா இருக்கும். காத்துல பறந்து வந்த குப்பையாவும் இருக்கலாம்ல? உடனே ரெண்டாந்தடவை தொட்டாத்தான் மூடும். ஒவ்வொரு வாயும் அஞ்சாறு தடவை மூடித் திறந்தா வாடிடும். அதனால வீணா மூடாது.’

‘எதுக்குக்கா இந்தக் கேடுகெட்ட பொழப்பு? மத்த செடிங்க மாதிரி மண்ணுலயே தின்னுட்டுப் போனா என்ன?’

‘மண்ணுல இருந்தா தின்னாதா? இதுங்க பொறந்த இடம் சதுப்பு. தண்ணி நிக்கும், சத்து நிக்காது. வெயிலை வெச்சு மாவுச்சத்தை அதுவே செஞ்சுக்கும். ஆனா இலை கட்ட, பூ கட்ட, விதை கட்ட வேண்டியது மண்ணுல கிடையாது. அது ஈ உடம்புல இருக்கு. வேற வழியில்லாம இலையையே வாயா மாத்திக்கிச்சு. ஆசைப்பட்டா கொல்லுது?’

‘அப்ப ஒரு மூடி உரத்தை விடு, வேலை முடிஞ்சுது. ஈ பிடிச்சு, ஜாடி கழுவி, இந்த நாத்தம் எல்லாம் எதுக்கு?’

‘வேர் கருகிடும். தின்னுப் பழகாத வேர்டி அது.’

‘பழக்கினா பழகும்.’

‘நீ நாத்து வளர்த்த வரைக்கும் போதும், போ.’

போன்னதும் எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. இது நடந்து எட்டு வருஷம் ஆகுது. அவ சொன்னது காதுல விழுந்துச்சு, மனசுல நின்னது ‘போ’ மட்டும்தான். என்கிட்ட வர்ற வாடின நாத்தெல்லாம் ஒரு மூடியில நிமிருது, இவ மட்டும் என்ன பெரிய இவன்னு நெனச்சேன்.

அந்தப் பெரிய குடுவைச் செடிக்கு ‘பெரியவ’ன்னு பேரு. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சதுப்பு நிலத்துலேர்ந்து விரல் உசரக் கன்னா எடுத்துட்டு வந்தது. அப்புறம் அந்தச் சதுப்பைத் தூர்த்து வீடு கட்டிட்டாங்க. அந்த இடத்துச் செடியில மிச்சம் ரெண்டே ரெண்டுதான்: இங்க பெரியவ, ரொம்பத் தூரத்துல இன்னொரு தோட்டத்துல ஒரு ஆண் செடி. இதுல ஆண் செடி தனி, பெண் செடி தனி. ரெண்டும் ஒரே நேரத்துல பூத்து, அங்கேர்ந்து மகரந்தம் வந்து, இவ பூவுல தடவினாத்தான் விதை. பெரியவ பூக்கவே இல்ல. கிளையை வெட்டி நட்டா வேரும் பிடிக்கல. இருபத்திரண்டு வருஷம் அக்கா காத்துக்கிட்டிருந்தா.

போன குளிர்காலம் பெரியவ மொட்டு விட்டா. அக்கா ஓடி வந்து கொட்டகையில எல்லார் முன்னாடியும் என் கன்னத்தைக் கிள்ளினா. அங்கயும் ஆண் செடி பூத்திருக்குன்னு தகவல் வந்தப்ப அவ அழுதா. கொட்டகையில ஒருத்தியும் கிண்டல் பண்ணல. அப்பதான் கவனிச்சேன், அழுகைச் சத்தம் வரல. ஒரு மாசமா குரல் கம்மியிருந்துச்சு, சளின்னா. உடம்பு பாதியா இருந்துச்சு. ‘சாப்பிடறியா இல்லையா?’ன்னேன். வழக்கம்போல, ‘பசிக்கல.’

பசிக்காம இல்ல, முழுங்க முடியல. தொண்டையில கட்டி. டாக்டர் என்னைத்தான் முறைச்சார். இத்தனை நாள் வீட்டுல யாரும் பாக்கலையான்னு கேட்டார்.

மறுநாளே ஆபரேஷன்னாங்க. அவளுக்குக் காத்துதான் வந்துச்சு, பேச்சு வரல. ஸ்ட்ரெச்சர்ல படுத்தபடி, எக்ஸ்ரே உறையோட பின்பக்கத்துல அவசர அவசரமா எழுதிக் குடுத்தா. இதுதான் எழுதியிருந்தா:

மழைத்தண்ணி மட்டும் ஊத்து.
வெளிக்கதவைச் சாத்திட்டு உள்கதவைத் திற.
திங்கட்கிழமை சாப்பாடு, ஒரு மூடி. பெரியவளுக்கு ரெண்டு.
மகரந்தம் வந்தா ஃப்ரிட்ஜ். பூ விரிஞ்சதும் தடவு.

மூணாவது வரியைப் படிச்சதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சொல்ல வெக்கமா இருக்கு. அக்கா ஆபரேஷனுக்குப் போறா, நான் மனசுக்குள்ள சிரிக்கறேன். கடைசியில என் வழிக்கு வந்துட்டியான்னு. எனக்குப் பூச்சின்னா அருவருப்புன்னு அவளுக்குத் தெரியும். அதனால, போகட்டும், சின்னவ கையால உரமே போடட்டும்னு விட்டுட்டான்னு நெனச்சேன். எட்டு வருஷச் சண்டையில ஜெயிச்சுட்டேன். உறையை நாலா மடிச்சுப் பர்ஸுல வெச்சுக்கிட்டேன்.

ஆபரேஷன் முடிஞ்சு குரல்வளையை எடுத்துட்டாங்க. கழுத்துல ஓட்டை, மூக்குல குழாய். நர்ஸம்மா வந்து, ‘சாப்பாட்டு நேரம்’ன்னு சொல்லி, வெள்ளையா ஒரு தண்ணியை அளந்து அந்தக் குழாய்ல ஊத்துனாங்க. அதையும் நின்னு பாத்துட்டுத்தான் நான் தோட்டத்துக்குப் போனேன்.

ஈ அடிச்சான் காப்பிம்பாங்களே, அப்படி வரி வரியாச் செஞ்சேன். ஈ மட்டும்தான் இல்ல. மழைத்தண்ணித் தொட்டியிலேர்ந்து வாளி வாளியா மொண்டேன், அதுல நீலக் கேன் மூடியால அளந்து கலந்தேன், பெரியவளுக்கு ரெண்டு மூடி. ஈ ஜாடிங்களை வெளியில கொண்டுபோய்த் திறந்து விட்டு, தேய்ச்சுக் கழுவிக் கவுத்தேன். வீடே நல்ல வாசனையா இருந்துச்சு.

முதல் வாரம் பெரியவ பச்சைப்பசேல்னு ஆனா. புது இலை ஒண்ணு, முன்னாடி இருந்ததைவிடப் பெருசா, தளதளன்னு. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ‘அக்கா, உன் பெரியவ எப்படி இருக்கா தெரியுமா? என் கைராசி!’ அக்காவுக்கு ஒரு சிலேட்டு குடுத்திருந்தாங்க. அதுல எழுதினா: ‘குடுவை?’

அந்த இலை நுனியில குடுவை வரல. கொடி நுனி சும்மா சுருண்டு கிடந்துச்சு. வயிறு ரொம்பினதுக்கு வாய் எதுக்கு? இது இப்பப் புரியுது. அன்னைக்கு, ‘மூணு வருது’ன்னு வாய்கூசாமச் சொன்னேன். அவ சந்தோஷத்துக்குத்தான். அவ கண்ணை மூடிக்கிட்டுத் தலையாட்டினா.

மூணாவது திங்கள் இலை ஓரமெல்லாம் பழுப்பு. நான் குளிர்னு நெனச்சேன். வாடின நாத்துக்கு என்ன செய்வோமோ அதையே செஞ்சேன், இன்னும் ஒரு மூடி சேர்த்துப் போட்டேன். சூப்பர்வைசர்கிட்டக் கேட்டிருக்கலாம். அந்த இன்னொரு தோட்டத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எனக்குத் தெரியாதுன்னு என் வாயால சொல்றதா? நாத்துக் கொட்டகையில பதினெட்டு வருஷம் இருக்கறவ நான்.

நாலாவது திங்கள் மகரந்தம் வந்துச்சு. சின்னக் காகிதப் பொட்டலம், மேல ஆண் செடியோட நம்பர். அன்னைக்கே தடவிடலாம்னு மெல்லிசான தூரிகையை எடுத்துக்கிட்டு ஸ்டூல் மேல ஏறினேன். பூக்காம்பைத் தொட்டதும் மொட்டுங்க உதிர ஆரம்பிச்சுது. ஒண்ணுகூட விரியல. எல்லாம் கருத்து, உள்ளங்கை நிறைய மிளகு கொட்டினாப்பல. ஸ்டூல் மேலயே உக்காந்துட்டேன். கையை மூடவும் தோணல, கொட்டவும் தோணல.

அப்புறம்தான் அக்கா மேஜை டிராயரைத் திறந்தேன். அவ நோட்டுப் புத்தகம் இருந்துச்சு. ஒவ்வொரு திங்களுக்கும் ஒரு வரி, வருஷக்கணக்கா: ‘சாப்பாடு போட்டாச்சு. ஈ, ஒரு மூடி. பெரியவளுக்கு ரெண்டு.’

ஐயோன்னு கத்தினேன். பெரியவளை வேரோட தூக்கினேன். வேர் நுனியெல்லாம் கன்னங்கரேல்னு, தொட்டா தோல் தனியா உருவிக்கிட்டு வருது. தொட்டியில மண்ணுக்குப் பதிலாப் போட்டிருந்த பாசி வழவழன்னு அழுகியிருந்துச்சு. இருந்த மழைத்தண்ணியெல்லாம் ஊத்திக் கழுவினேன். பச்சையா இருந்த தண்டை மூணு துண்டா வெட்டி நட்டேன். தலைகீழா நின்னேன். பத்து நாள்ல மூணும் அழுகிப்போச்சு. பக்கத்துத் தொட்டிங்கள்ல பாதி போச்சு, பெரியவ முழுசாப் போயிட்டா.

அக்காவுக்கும் நோய் நுரையீரலுக்குப் பரவிடுச்சுன்னு டாக்டர் அதே வாரம் சொன்னார். வீட்டுக்கு அனுப்பற மாதிரி இல்லைன்னார். இப்பப் போய் நான் எப்படிச் சொல்லுவேன்? பூ விரிஞ்சுதுன்னேன். தடவியாச்சுன்னேன். காய் கட்டியிருக்குன்னேன். அவ முகம் மலர மலர நான் அடுக்கிக்கிட்டே போனேன். ஒவ்வொரு பொய்யும் அவளுக்கு மருந்துன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். மருந்து எனக்குத்தான்.

ஒரு நாள் காலையில சிலேட்டுல எழுதினா: ‘ஒரு குடுவை கொண்டா. பாக்கணும்.’

மறுநாள் கொண்டுபோனேன். தப்பிப் பிழைச்ச வேற ஒரு செடியிலேர்ந்து, அதே அளவுல, அதே செம்புள்ளியோட இருந்த குடுவையாப் பாத்து வெட்டி, ஈரத்துணியில சுத்தி எடுத்துட்டுப் போனேன். அவ அதை ரெண்டு கையாலயும் வாங்கினா. முகத்துக்கிட்ட வெச்சுப் பாத்தா. விளிம்பை ஒரு விரலால ஒரு சுத்து தடவினா, சுத்து முடியறதுக்குள்ள விரல் நின்னுடுச்சு. என்னைப் பாத்தா. குடுவையை மெத்தை மேல வெச்சுட்டு எழுதினா: ‘எப்ப செத்தா?’

அப்பவாவது காலைப் பிடிச்சிருக்கணும். நான் என்ன செஞ்சேன்? பர்ஸைத் திறந்து அந்த உறையை எடுத்து அவ முன்னாடி நீட்டினேன். ‘நீ எழுதினதைத்தான் செஞ்சேன்! பாரு! சாப்பாடு, ஒரு மூடி! எங்க கொட்டகையில சாப்பாடுன்னா உரம்தானே? எனக்கு எப்படித் தெரியும்?’ வார்டே திரும்பிப் பாக்குது. சாகப்போறவகிட்ட நான் சண்டை போடறேன்.

அக்கா அந்த உறையை வாங்கி ரொம்ப நேரம் படிச்சா. நாலே வரி, அதைப் படிக்க அவ்வளவு நேரம். அப்புறம் சிலேட்டைக் கையால துடைச்சு, சாக்பீஸை எடுத்து, பெருசா ஒரே ஒரு எழுத்து எழுதி என் பக்கம் திருப்பினா.

ஈ.

சாப்பாடுன்னு நாலு எழுத்து எழுதின நேரத்துல அந்த ஒத்தை எழுத்தை எழுதியிருக்கலாமேன்னு தன்னைச் சொன்னாளா? இத்தனை வருஷம் பாத்தியே, இதுகூட உனக்குத் தோணலையாடின்னு என்னைச் சொன்னாளா? தெரியல. அவ முகத்துல கோபமும் இல்ல, மன்னிச்ச மாதிரியும் இல்ல. நான் அப்பதான் வாய்விட்டு அழுதேன். அவ என் தலையைத் தொடல.

நர்ஸம்மா கிண்ணத்தோட வந்தாங்க. ‘சாப்பாட்டு நேரம்’ன்னாங்க, வழக்கம்போல. அக்கா சிலேட்டைத் துடைச்சா. நிதானமா எழுதி, நர்ஸம்மாகிட்டக் காட்டாம என்கிட்டக் காட்டினா: ‘பசிக்கல.’

‘பொய் சொல்லாதக்கா’ன்னேன். வாழ்க்கையில முதல் தடவையா அந்த வார்த்தையை நான் நம்பல. கிண்ணத்தை நான் வாங்கினேன், நானே ஊத்தறேன்னு கெஞ்சினேன். அவ கையைத் தூக்கி மூக்குக் குழாயை உருவி, அந்தக் குடுவைக்குப் பக்கத்துல மெத்தை மேல வெச்சுட்டு, சுவர் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. திரும்பவும் குழாய் போட அவ விடல. பதினோராம் நாள் போயிட்டா.